குறுவை வயலின் கார்பன் கணக்கு: எந்தத் தரவை நம்புவது?

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் விவசாயிகள் கூட்டம். கார்பன் கிரெடிட் (காற்றில் சேரும் வாயுவைக் குறைத்தால் கிடைக்கும் பணம்) என்று யாரோ வந்து ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "நம்ம வயல் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்குதுன்னு சாட்டிலைட்ல பாத்தே சொல்லிடலாமாமே தம்பி?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். சொல்லலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்த பிறகுதான் வம்பு புரிந்தது. ஒரே நிலம், ஒரே குறுவை. ஒரு தரவு சொல்லும் எண்ணைப் போல இரண்டு மடங்கை இன்னொரு முறை சொல்கிறது. எதை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பது?

இதே கேள்வியோடு ஆய்வு மாணவர்களும் அவ்வப்போது வருகிறார்கள். அதனால் நான் அலசிய வழிகளை இங்கே எழுதிவைக்கிறேன். பேச்சு முழுக்க டெல்டா நெல்லைப் பற்றித்தான். காட்டுக்குக் கணக்கு வேறு. அதை இடையில் ஓரிடத்தில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்த்துவிடலாம். இலை ஒளிச்சேர்க்கையில் பிடிக்கும் மொத்தக் கார்பனுக்கு ஜிபிபி என்று பெயர். அதில் ஏறக்குறையப் பாதியைச் செடி தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடும். மிச்சம்தான் வேராகவும் தண்டாகவும் கதிராகவும் நிற்கிறது, இது என்பிபி. மண்ணில் மட்கும் பொருளிலிருந்து வெளியேறுவதையும் கழித்தால் வயலுக்கும் காற்றுக்கும் இடையிலான நிகரப் பரிமாற்றம் கிடைக்கும். சம்பளம், பிடித்தம், மாசக் கடைசியில் கையில் நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் கேட்டது கடைசியாகச் சொன்னதை. செயற்கைக்கோள் ஓரளவுக்குத் தொடக்கூடியது முதலாவதை மட்டும்.

எந்தத் தரவையும் திறப்பதற்கு முன்னால் கையில் ஓர் அளவுகோல் வேண்டும். நெல்லுக்கு அது களத்திலேயே கிடக்கிறது: கண்டுமுதல், அதாவது அறுத்து அளந்த விளைச்சல். அந்தப் பெரியவர் வயலில் மாவுக்குப் பதினோரு மூட்டை கண்டதாம். மூன்று மா ஒரு ஏக்கர், மூட்டை 60 கிலோ. ஆக ஏக்கருக்கு 1,980 கிலோ, ஹெக்டேருக்குச் சுமார் 4.9 டன். கொள்முதல் நிலையத்தில் ஏற்கும் 17 சதவீத ஈரத்தைக் கழித்தால் உலர் எடை 4.06 டன். தரைக்கு மேல் உள்ள பயிர் எடையில் நெல்மணி 45 சதவீதம் என்று கொண்டால் மொத்தப் பயிர் 9 டன். வேருக்கு 12 சதவீதம் சேர்த்தால் 10 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. அதில் கார்பன் 42 சதவீதம். சதுர மீட்டர் கணக்குக்கு மாற்றினால் 425 கிராம் கார்பன். இது என்பிபி. செடி பாதியைச் சுவாசித்திருந்தால் ஜிபிபி 850 கிராம் இருக்க வேண்டும். ரொம்பச் சிக்கனமான செடி, 40 சதவீதம்தான் சுவாசித்தது என்றாலும்கூட 700 கிராமுக்குக் கீழே வராது.

இந்த 700-850 என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லோரையும் இதில்தான் உரசிப் பார்க்கப் போகிறோம்.

பெரும்பாலானவர்கள் முதலில் போவது நாசாவின் எம்ஓடி17 தரவுக்கு. டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி தருவது. 500 மீட்டர் கட்டம், எட்டு நாளைக்கு ஒரு எண், 2000ஆம் ஆண்டிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது, இலவசம். பின்னால் உள்ள எண்ணம் 1972இல் ஜான் மான்டீத் சொன்னது: பயிர் உறிஞ்சிய ஒளிக்கு ஏற்பத்தான் வளர்ச்சி. உறிஞ்சிய ஒளியை ஒரு திறன் எண்ணால் பெருக்கு, குளிரோ வறட்சியோ இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள். மான்டானா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ரன்னிங் குழு இதை உலகம் முழுமைக்கும் செய்துகாட்டியது. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை.

ஆனால் நம் வயலுக்கு? எம்ஓடி17 பட்டியலில் விளைநிலத்துக்கு உச்சத் திறன், உறிஞ்சிய ஒளி ஒரு மெகாஜூலுக்கு 1.044 கிராம் கார்பன். நெல், கம்பு, பருத்தி, சோளம் எல்லாவற்றுக்கும் அதே எண். குறுவைக் காலத்தில் தஞ்சைப் பக்கம் நாளைக்குச் சுமார் 19 மெகாஜூல் வெயில், அதில் ஒளிச்சேர்க்கைக்கு ஆகும் பங்கு 45 சதவீதம், அதில் பயிர் சராசரியாக 60 சதவீதத்தைப் பிடிக்கிறது, 110 நாள் என்று போட்டால் மொத்தம் 560 மெகாஜூல். 1.044ஆல் பெருக்கினால் 585 கிராம். அதாவது ஒரு நாள்கூடச் செடிக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்று வைத்தாலும் எம்ஓடி17இன் கணக்கு மாதிரி (மாடல்) 700ஐத் தொடாது. களத்தில் மூட்டை கண்ணெதிரே கிடக்கிறது. மாதிரி அதை விளையவே முடியாது என்கிறது.

இன்னும் இருக்கிறது. நீர்த் தட்டுப்பாட்டை எம்ஓடி17 காற்றின் வறட்சியை வைத்துத்தான் ஊகிக்கிறது; மண்ணில் ஈரம் எவ்வளவு என்று அது பார்ப்பதே இல்லை. அந்த வறட்சிக்கு அளவான ஆவி அழுத்தக் குறைவு 650 பாஸ்கலைத் தாண்டினால் உற்பத்தியைக் குறைக்க ஆரம்பிக்கும், 4,300இல் பூஜ்ஜியமாக்கிவிடும். ஆடி மாதத்து மேல்காற்றில் டெல்டாவின் பகல்நேரச் சராசரி 2,000 பாஸ்கல் என்று வைத்தால் 37 சதவீதம் வெட்டு. 585 இப்போது 370 ஆகிவிடும். வறண்ட காற்றில் இலைத்துளை கொஞ்சம் மூடும் என்பது உண்மைதான். ஆனால் கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கும் பயிரை மானாவாரிப் பயிர் மாதிரி நடத்துவது நியாயமில்லை.

கட்டத்தின் அளவும் நமக்குச் சாதகமாக இல்லை. 500 மீட்டர் என்று சொல்லும் கட்டம் உண்மையில் 463 மீட்டர், அதாவது ஏறத்தாழ 160 மா. டெல்டாவில் அந்த அளவு இடத்தில் நெல் மட்டுமா இருக்கும்? ஒரு தென்னந்தோப்பு, ஒரு வாழைக்கொல்லை, வாய்க்கால், சாலை, பாதித் தெரு என்று எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வந்து விழும்.

இங்கே என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வரைபடம் போட்டபோது கும்பகோணம் நகரம் அமேசானைத் தோற்கடித்துவிட்டது. எட்டு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 3.28 கிலோ கார்பன்! அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. நகரக் கட்டங்களுக்கு அந்தத் தரவில் 32762 என்று ஓர் அடையாள எண் வைத்திருக்கிறார்கள். அதை நீக்காமல் 0.0001ஆல் பெருக்கியிருக்கிறேன். நிலையான சதுப்பு நிலம் என்று வகைப்படுத்திய கட்டங்களுக்கும் 32763 என்று இப்படி ஓர் எண்தான் உண்டு. ஆகவே அலையாத்திக் காட்டுக்கு இந்தத் தரவைத் தேடுபவர்கள் எண் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அப்புறம், ஆண்டின் கடைசி எட்டு நாள் உண்மையில் ஐந்தே நாள், லீப் வருடத்தில் ஆறு. நாள் கணக்குக்கு மாற்றும்போது டிசம்பர் கடைசி வாரத்தில் பயிர் திடீரென்று சோம்பிப்போனால் காரணம் இதுதான்.

அடுத்த வழி கொஞ்சம் மாயம் மாதிரி இருக்கும். ஒளிச்சேர்க்கை நடக்கும்போது பச்சையம் தான் உறிஞ்சிய ஒளியில் ஒன்றிரண்டு சதவீதத்தைச் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியாகத் திருப்பி உமிழும். கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோளின் நிறமாலைக் கருவிக்குத் தெரியும். சூரியத் தூண்டலில் வரும் இந்த ஒளிர்வைச் சிஃப் என்பார்கள். இலை பச்சையாக இருப்பதற்கும் இலை வேலை செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டக்கூடியது இது. வெயிலில் வாடி நிற்கும் பயிர் பல நாள் பச்சையாகவே தெரியும். ஒளிர்வு அதற்கு முன்பே இறங்கிவிடும். முதல் உலக வரைபடங்கள் 2011இல் ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் தரவிலிருந்து வந்தன. 2014இல் வந்த ஒரு ஆய்வு, கோடை உச்சத்தில் அமெரிக்க மக்காச்சோள வட்டாரம் வெப்பமண்டலக் காடுகளையும் மிஞ்சி ஒளிர்வதைக் காட்டியது. விளைநிலங்களின் உற்பத்தியை மாதிரிகள் குறைத்துச் சொல்கின்றன என்பதற்கு அது பலமான சாட்சி.

அப்படியானால் சிஃப் எடுத்துக்கொள்ளலாமே? வயலளவில் முடியாது. 2017இல் ஏவிய ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள டிரோபோமி கருவி தினமும் பார்க்கிறது, சரி. ஆனால் ஒரு பார்வைக் கட்டம் 5.5க்கு 3.5 கிலோமீட்டர். அதில் ஒரு நாலைந்து கிராமம் அடங்கிவிடும். நாசாவின் ஓசிஓ-2 செயற்கைக்கோளின் கட்டம் சிறியது, 1.3க்கு 2.25 கிலோமீட்டர், ஆனால் 16 நாளைக்கு ஒரு முறை அதே பாதையில் வரும். பாதைக்கு வெளியே உள்ள ஊரை அது பார்ப்பதே இல்லை. ஒளிர்வை ஜிபிபியாக மாற்றும் விகிதமும் பயிருக்குப் பயிர் மாறும். அதனால் நான் சிஃப்பை எண்ணுக்காக எடுப்பதில்லை, பருவத்தின் வடிவத்துக்காக எடுக்கிறேன்: வட்டாரம் முழுக்க எந்த வாரம் ஏறியது, எந்த வாரம் உச்சம், எப்போது இறங்கியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓசிஓ-2வின் இடைவெளிகளை நிரப்பி கோசிஃப் என்று அழகான தொடர் வரைபடம் ஒன்று கிடைக்கிறது. நிரப்பப் பயன்பட்டது மோடிஸின் பசுமைக் குறியீடும் வானிலைத் தரவும். கோசிஃப்பும் மோடிஸும் ஒத்துப்போகின்றன, ஆகவே இரண்டும் சரி என்று எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டு அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி சாட்சி சொன்னால் வழக்கு முடிந்துவிடுமா?

மூன்றாவது வகை, கோபுரங்களிலிருந்து கற்றுக்கொண்ட தரவுகள். பயிருக்கு மேலே கோபுரம் நட்டு, காற்றின் மேல்கீழ் அசைவையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் நொடிக்குப் பத்து முறை அளந்தால் நிகரப் பரிமாற்றம் நேரடியாகவே வந்துவிடும். பெரியவர் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் தரக்கூடிய கருவி இது ஒன்றுதான். நம் பக்கத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இப்படி ஒரு கோபுரம் வைத்திருக்கிறது. ஆனால் வயலுக்கு வயல் கோபுரம் நட யாரால் முடியும்? உலகெங்கும் உள்ள கோபுரங்களின் தரவை எந்திரக் கற்றலில் ஊட்டி, செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு மற்ற இடங்களுக்கு விரித்தால் ஃப்ளக்ஸ்காம். இதன் முதல் பதிப்புகளில் நுட்பமான கட்டமே 9 கிலோமீட்டர்.

ஊட்டியது எந்த ஊர்ச் சோறு என்று பார்க்க வேண்டும். இந்தத் துறை பெரிதும் நம்பும் ஃப்ளக்ஸ்நெட்2015 என்ற கோபுரத் தரவுத் தொகுப்பில் 212 இடங்கள். பெரும்பாலும் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லை. நெல் வயலுக்கு உதாரணம் கேட்டால் கலிபோர்னியாவின் ட்விட்செல் தீவைக் காட்டுவார்கள். அங்கே ஆண்டுக்கு ஒரே போகம். அந்த அறிவைக் கொண்டு திருவாரூர்க் குறுவைக்கு ஆரூடம் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான்.

பிஎம்எல்-வி2 என்ற தரவு நடுவாந்திரமானது. 500 மீட்டர், எட்டு நாள், கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில் நாலு வரி நிரல் எழுதினால் வந்துவிடும். 95 கோபுரங்களை வைத்துத் திருத்தியது. நீராவிப்போக்கையும் ஜிபிபியையும் சேர்த்துக் கணக்கிடுகிறது, காற்றில் கூடிவரும் கரியமில வாயுவின் விளைவையும் பார்க்கிறது. எம்ஓடி17 இதைப் பார்ப்பதில்லை. ஆயத்தத் தரவில் ஒன்றைத்தான் எடுப்பேன் என்பவருக்கு நான் இதைச் சொல்வேன். விளைநிலம் முழுக்க ஒரே வகை என்ற குறை இதிலும் உண்டு.

காட்டைத் தொடுகிறேன் என்றேன் அல்லவா. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ ஜவ்வாது மலையிலோ வேலை செய்பவர்களுக்கு 500 மீட்டர் அவ்வளவு இடைஞ்சல் இல்லை. பல கட்டங்கள் முழுக்கக் காடாகவே இருக்கும். அங்கே மழைக்கால மேகம்தான் எதிரி. இடைவெளி நிரப்பிய எம்ஓடி17ஐ எடுத்து, ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் பேசினால் தப்பில்லை.

நாலாவது வழி செயற்கைக்கோளைப் பின்னால் தள்ளிவிட்டுப் பயிரையும் மண்ணையும் கணினியில் வளர்ப்பது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஒரைசா என்ற மாதிரி நெல்லுக்கென்றே எழுதியது. டிஎன்டிசி என்ற இன்னொரு மாதிரி மண்ணுக்குள் நடக்கும் வேதியியலையும் பார்க்கும், தண்ணீர் நிற்கும் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனையும் சொல்லும். சுவாசம், மட்குதல், நிகரப் பரிமாற்றம் எல்லாம் இவற்றிலிருந்து கிடைக்கும். விலை, உள்ளீடு. மண் வகை, ரகம், உரம், தண்ணீர் வைத்த நாள், வடித்த நாள், எல்லாவற்றுக்கும் மேலே நட்ட தேதி.

நட்ட தேதியை ஏதோ ஒரு அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தால் டெல்டாவில் மாட்டிக்கொள்வீர்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்க வேண்டும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 ஆகிவிட்டது. இரண்டு மாத வித்தியாசம்! பம்புசெட்காரர் அணையைப் பார்க்காமல் முன்னாலேயே நட்டுவிடுவார். பக்கத்து வயல்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாதிரி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் தேதி மாறினால் வெயில் மாறும், காற்று மாறும், எண்ணும் மாறும்.

தேதிக்கு ரேடார் இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும், பயிர் கிளைக்கக் கிளைக்க வெளுத்துக்கொண்டே வரும். 12 நாளைக்கு ஒரு படம் என்றாலும் நட்ட வாரத்தைப் பிடித்துவிடலாம். கற்பனையாகச் சொல்லவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ரைஸ் என்ற திட்டத்தில் ரேடாரையும் ஒரைசாவையும் இணைத்து நெல் பரப்பும் விளைச்சலும் கணித்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு அது பயன்பட்டது. கார்பன் கணக்குக்கு அதே தடத்தில் போகலாம்.

நான் கடைசியில் போனதும் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான். ரேடாரில் நட்ட வாரம். சென்டினல்-2இன் பத்து மீட்டர் படத்தில் பசுமை. ஒரு மாவுக்குப் பதின்மூன்று கட்டம் விழும், வரப்போரத்தைத் தள்ளினாலும் நாலைந்து தேறும். ஒளிக்கு வானிலைத் தரவு. திறன் எண்ணை மட்டும் எம்ஓடி17இலிருந்து எடுக்கவில்லை. பயிரியலில் நெல்லுக்கு நெடுநாளாகப் புழங்கும் எண், பிடித்த ஒளி ஒரு மெகாஜூலுக்கு 2.2 கிராம் உலர் எடை. கார்பனாக்கி, சுவாசத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 1.8 கிராம், நாசா பட்டியலில் உள்ளதைப் போல முக்கால் மடங்கு கூடுதல். கண்டுமுதலிலிருந்து பின்னோக்கிப் போனால், 850ஐ 560ஆல் வகுத்தால், 1.5 வருகிறது. பூச்சி, களை, உரக்குறை எல்லாம் தின்றது போக வயலில் நிற்கும் திறன் இது என்று கொள்ளலாம். ஒன்று கவனம்: எண்ணைத் திருத்த எடுத்த வயல்களையே வைத்துச் சரிபார்த்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். பாதி வயலில் திருத்தி, மறுபாதியில் சோதிக்க வேண்டும்.

குறுவைக்கு இது நன்றாக ஓடுகிறது. சம்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும். சென்டினல்-2 எடுத்த படமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. பயிர் வேகமாக வளரும் நாட்கள்தான் அவை. அங்கே ரேடார்த் தேதியோடு ஒரைசாவை ஓட்டுவதே மேல் என்று நினைக்கிறேன்.

சரி, யாருக்கு எது? மாவட்டம் மாவட்டமாக இருபது வருடப் போக்கு வேண்டும் என்றால் பிஎம்எல்-வி2 எடுங்கள், எம்ஓடி17ஐப் பக்கத்தில் வையுங்கள், அளவைப் பேசாமல் போக்கை மட்டும் பேசுங்கள். 2019இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இந்தியாவின் பசுமைப் பெருக்கத்தில் 82 சதவீதம் விளைநிலத்தால் வந்தது என்றது. அப்படிப்பட்ட நாட்டில் விளைநிலத்தை உச்சத்திலேயே குறைத்து மதிக்கும் தரவை வைத்துக்கொண்டு மொத்த டன் பேசுவது ஆபத்து. வறட்சி எப்போது உறைத்தது என்பது கேள்வி என்றால் டிரோபோமியின் சிஃப். வயலளவு, ஒரு போகம் என்றால் மேலே சொன்ன கைவேலைதான். ஒரு மாத உழைப்பு, ஆனால் தப்பு எங்கே என்று உங்களுக்கே தெரியும். மீத்தேனும் மண்ணும் வேண்டும் என்றால் டிஎன்டிசி மாதிரியான ஒன்றைத் தவிர்க்க முடியாது. ஃப்ளக்ஸ்காமைக் கண்டம் அளவு ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து கிராமத்துக்குத் திரும்பிப் போனேன். பெரியவரிடம் 850 கிராம் என்று சொல்லி என்ன பயன்? பாதியைச் செடியே சுவாசித்துவிட்டது. ஹெக்டேருக்கு 1.7 டன் கார்பன் நெல்லாக லாரியில் ஏறிப் போய், எங்கோ சோறாகி, திரும்பவும் காற்றில் கலந்துவிட்டது. வயலில் நிலையாகத் தங்குவது சொற்பம். கிரெடிட் என்று ஏதாவது இருந்தால் அது மீத்தேன் பக்கம்தான். ஐபிசிசி என்ற ஐ.நா.வின் பருவநிலைக் குழுவின் 2019 வழிகாட்டி தெற்காசிய நெல்லுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்கிறது, எப்போதும் தண்ணீர் நின்றால். 110 நாளைக்கு 93 கிலோ. மீத்தேன் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும் என்று வைத்து 27ஆல் பெருக்கினால் இரண்டரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வைத்தால் 0.55ஆல் பெருக்கச் சொல்கிறது. ஒரு டன்னுக்கு மேல் மிச்சம். அதற்கு ஜிபிபி தரவே தேவையில்லை, வயல் எத்தனை முறை காய்ந்தது என்று தெரிந்தால் போதும்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார், "நெல்லு போனதைச் சொன்னீங்க. வைக்கோலை மெஷின் வச்சு உருட்டி உருட்டிக் கட்டி வண்டில ஏத்திட்டுப் போறானே, அது யார் கணக்கு?"

என் கணக்கில் அதற்குக் கட்டமே இல்லை. தரைக்கு மேல் உள்ள பயிரில் பாதிக்கு மேல் அதுதான். எத்தனை கட்டு போனது என்று எந்தச் செயற்கைக்கோளும் எண்ணவில்லை. அவருடைய நோட்டில் இருந்தது.